கட்டைவிரல்காரன் பாலம் தாண்டிய கதை

மிச்சிகனில் யாரிடமாவது ஊர் எங்கே என்று கேட்டால் வாயால் பதில் வராது. வலது கையைத் தூக்கி, உள்ளங்கையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். எங்கள் நிலத்தின் உருவமே அப்படி, விரித்த வலது கை. நாங்கள் இருப்பது கட்டைவிரலில். அந்தப் பகுதிக்குப் பெயரும் கட்டைவிரல்தான். என் தம்பி ஆர்லோ ஷ்ரெய்பருக்கு அந்த விரல் கிடையாது. முப்பத்திரண்டு வயதில் அவரைக்காய் அறுவடை இயந்திரத்தின் சங்கிலியில் கொடுத்துவிட்டு வந்தான். அதற்காக அவன் கை காட்டுவதை விட்டானா என்றால், இல்லை. வெளியூர்க்காரர் யாராவது ஊர் கேட்டால் வலது கையை விரித்து, விரல் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டுவான். கேட்டவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அவனுக்கு நான்கு வயது மூத்தவள், வெர்னா. ஹெங்கல் கிரீக்கில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். முட்டை, பன்றிக்கறி, உருளைக்கிழங்கு வறுவல், வெள்ளிக்கிழமை மட்டும் பொரித்த மீன். கடையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தை ஆர்லோதான் தயாரித்துக் கொடுப்பான். பகலில் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டுவான். மற்ற நேரமெல்லாம் மாநிலத்தைப் பற்றித் துணுக்குகள் சேர்ப்பான். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. எந்தப் பெண் வந்தாலும் பத்து நிமிஷத்தில் டெட்ராய்ட் ஆற்றில் படகிலேயே ஓடும் தபால் நிலையத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். பிறகு அவள் எங்கே இருப்பாள்?

"டெட்ராய்ட்லேர்ந்து கனடா போகணும்னா எந்தத் திசையில போகணும் தெரியுமா?" என்று முட்டை தின்றுகொண்டிருப்பவனைப் பிடித்துக்கொள்வான்.

"வடக்க."

"தெற்க! தெற்க போகணும்யா! இத்தன வருஷமா இங்க இருக்க, இது கூடத் தெரியல." எதிரில் இருப்பவன் தெரியாமல் சொல்லவில்லை. எண்பது தடவை கேட்டவன்தான். ஆர்லோவின் முகம் மலர்வதைப் பார்க்கவே எல்லாரும் தப்பாகச் சொல்வார்கள்.

அவன் காகிதத்தின் தலைப்பு 'நம்ம மாநிலம்: தெரிந்தவை தொண்ணூற்றொன்பது'. மிச்சிகனில் எங்கே நின்றாலும் ஆறு மைலுக்குள் ஏதாவது ஒரு நீர்நிலை உண்டு. மேக்கினா தீவில் காருக்கு அனுமதி இல்லை, குதிரை வண்டிதான். நரகம் என்ற பெயரில் எங்களுக்கு ஓர் ஊர் இருக்கிறது, குளிர்காலத்தில் அது உறைந்தும் போகும். நடுவில் பெரிதாக ஒரு கையின் படம், கீழே ஒரு மாட்டு டாக்டரின் விளம்பரம்.

போன வருஷம் அக்டோபரில் பீட்ரூட் வெட்டு தொடங்கியபோது, சர்க்கரை ஆலையில் சாறு பரிசோதிக்கும் வேலைக்கு வடக்கேயிருந்து ஒருத்தி வந்தாள். ஐலா நீமி. ஐம்பத்தைந்து வயது, கணவர் இறந்து ஆறேழு வருஷம். பின்லாந்துக்காரர்களின் வம்சம், எங்களைப் போல வளவளவென்று பேசுகிறவளில்லை. முதல் நாள் காலை என் கடையில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தாள். புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"இத வரைஞ்சது யாரு?"

"நான்தான்" என்றான் ஆர்லோ, பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பில்.

"என் வீடு எங்க இதுல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சிகன் இரண்டு துண்டு. எங்கள் கைக்கு மேலே, தண்ணீரைத் தாண்டி, முந்நூறு மைல் நீளத்துக்கு இன்னொரு நிலம் படுத்திருக்கிறது. இரண்டையும் ஒரு பெரிய பாலம் இணைக்கிறது. வடக்கே இருப்பவர்களுக்கு யூப்பர்கள் என்று பெயர். பாலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்களை அவர்கள் பாலத்தடிப் பூதங்கள் என்பார்கள். தெற்கத்தியவர்கள் படம் வரைந்தால் வடக்கை விட்டுவிடுவது பழைய வியாதி. மாநிலத்தையே கரைத்துக் குடித்த என் தம்பியும் பதினோரு வருஷமாக அதையேதான் செய்து வந்திருக்கிறான், ஒருத்தரும் கவனிக்கவில்லை.

"தாள்ல எடம் பத்தல" என்றான்.

"மாட்டு டாக்டர் விளம்பரத்துக்கு மட்டும் எடம் இருந்துச்சா?"

அவன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். நான் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தேன். ஆர்லோ பேசாமல் நிற்பதை என் கடை அதுவரை கண்டதில்லை.

"அந்தக் காலத்துல பக்கத்து மாநிலம் ஓஹையோகிட்ட டொலீடோ ஊருக்காகச் சண்ட போட்டுத் தோத்தீங்க. அழாதீங்கன்னு எங்க நிலத்தத் தூக்கி உங்க கையில கொடுத்தாங்க. அந்த ஆறுதல் பரிசக்கூட வரைய மறந்துட்டீங்களே" என்றாள். பிறகு தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்து, காகிதத்துக்கு வெளியே, என் மேஜை மேலேயே மிச்ச மாநிலத்தை வரைந்தாள். ஏரிக்கரை வளைவு, கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம், எல்லாம் சுத்தமாக வந்தது.

"ஏம்மா, அது மேஜ!" என்று கத்தினேன்.

"தொடைக்காத வெர்னா" என்றான் ஆர்லோ. "நான் பாத்து எழுதிக்கறேன்."

அங்கேயே அவள் மேல் காதலில் விழுந்துவிட்டான். அந்த வாரமே புதுக் காகிதம் அச்சானது, மாட்டு டாக்டர் போய் வடக்கு வந்தது. அவள் தினமும் வந்தாள், அவன் தினமும் ஒரு துணுக்கு சொன்னான், அவள் பாதியைத் திருத்தினாள். திருத்தும்போது அவனுக்குக் கோபமே வராதது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் திருத்தினால் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன்.

மார்ச்சில் ஆலை வேலை முடிந்தது. கிளம்பும்போது அவள், "பனி உருகினதும் அங்க வா. பாலம் தாண்டி ஒரு மணி நேரந்தான். மீதிய அங்க பேசிக்கலாம்" என்றாள். மீதி என்றால் என்ன என்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

ஏப்ரலில் ஆர்லோவுக்குப் பல்வலி. மே மாதம் கூரை ஒழுகியது. அடுத்து நாய்க்கு உடம்பு சரியில்லை. அந்த நாய் கடைவாசலில் அணிலைத் துரத்திக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஜூன் நடுவில் ஐலா கடைக்குப் போன் செய்தாள்.

"வெர்னா, உங்க தம்பிக்கு இஷ்டம் இல்லேன்னா அதச் சொல்லச் சொல்லுங்க, தாங்கிப்பேன். நாய் மேல பழி போட வேண்டாம். இந்த மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா இனிமே வரவே வேண்டாம். நானும் காத்திருக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் அவன் வீட்டுக்குப் போனேன்.

"டேய், அந்தப் பொம்பளைய வேண்டாங்கறியா?"

"வேணும் வெர்னா. வேற எதுவுமே வேணாம் எனக்கு."

"அப்புறம் என்னடா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தப் பாலம் அஞ்சு மைல் நீளம். நடுவுல தண்ணி எரநூறு அடிக்குக் கீழ. உள்பக்கத்து ஓட்டுப்பாதையில தளமே கிடையாது, இரும்புச் சல்லடை. பாத்தா ஏரி தெரியும். பெருங்காத்து அடிச்சா நடுப்பாலம் முப்பத்தஞ்சு அடி வரைக்கும் பக்கவாட்டுல நகரலாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாலம் திறந்த வருஷம்தான் அவன் பிறந்ததும். அதைப் பற்றி இருபது துணுக்கு எழுதியவன், ஒரு தடவைகூட அதைத் தாண்டியதில்லை. அதனால்தான் வடக்கு அவன் படத்தில் வராமலே போயிருக்கிறது. சிரிக்கத்தான் நினைத்தேன். அவன் விளையாடவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மேஜையில் அவனுடைய காகிதம் ஒன்று கிடந்தது. எடுத்து எழுபத்தாறாவது துணுக்கைச் சத்தமாகப் படித்தேன். "பாலத்தைத் தாண்டப் பயப்படும் ஓட்டுநர்களுக்குப் பாலத்துப் பணியாளர்களே வண்டி ஓட்டித் தருவார்கள். இப்படியும் சில பயந்தாங்கொள்ளிக் கோழிகள்!"

"நான்தான் எழுதினேன்" என்றான் ஈனக் குரலில்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. கெளம்புடா கோழி."

மறுநாள் காலையில் போனான். நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தென்கரையில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை வண்டியைத் திருப்பியும்விட்டான். பிறகு பாலத்துப் பணியாளர்களுக்குப் போன் செய்தான். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். இவன் பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்துக்கொண்டான்.

"எந்த ஊர் சார்?" என்றாள் அவள், பேச்சுக் கொடுத்தால் பயம் தெரியாது என்று.

படுத்தபடியே கையைத் தூக்கினான்.

"அய்யோ, கட்டைவிரல் எங்க சார்?"

"ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்ததாம். தைரியம் வந்ததும் துணுக்கு வந்துவிட்டது. காற்று, சல்லடை, முப்பத்தைந்து அடி, ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

"சார், தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்றாளாம் அவள். "நீங்க இன்னிக்கு ஒரு நாள் போறீங்க. நான் தெனமும் ஓட்டணும்."

அன்று பகல் முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு பேருக்கு முட்டையைக் கருக்கிக் கொடுத்தேன், ஒருத்தருக்குக் காபியில் உப்பைப் போட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. எல்லாரும் போன் மணிக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு அடித்தது.

"வெர்னா, என் கம்பளிக் கோட்ட அனுப்பி வை. பனி பூட்ஸும்."

"ஜூன் மாசத்துல கம்பளி எதுக்குடா? அவ என்ன சொன்னா, அத மொதல்ல சொல்லு!"

"வாசல்லயே நின்னுட்டிருந்தா. எப்படி வந்தேன்னு கேட்டா. படுத்துட்டு வந்தேன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் கொஞ்சம் அழுதா."

"அப்புறம்?"

"திரும்பிப் போகணும்னா மறுபடியும் அந்தப் பாலத்தத் தாண்டணுமே, அதுக்குப் பேசாம இங்கயே இருந்துடேன்னா."

அவன் என்னை விட்டு எட்டு தெருவுக்கு அப்பால்கூட வசித்ததில்லை. எனக்குச் சந்தோஷம்தான். அழுகையும் வந்தது. கடையில் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"கோட்டு அனுப்பச் சொல்றேனே வெர்னா, இன்னுமா புரியல உனக்கு?"