கிணற்றுக்கல்

மலாயா சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு முந்தைய வருஷம் நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழக மாணவன். எங்கள் வரலாற்றுத் துறையில் பண்டைக்காலம் கற்பித்த விரிவுரையாளர், மலாக்காவின் பழைய கல்லெழுத்துகளைப் படியெடுக்கும் கூட்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். தமிழ் வாசிக்க என்னை எடுத்துக்கொண்டார். கல் இருக்கும் வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு எழுத, மூவாரைச் சேர்ந்த மலாய் மாணவர் ஒருவரைச் சேர்த்தார். அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். விடுமுறையில் மலாக்காவின் காஜா பெராங்கில் என் அண்ணன் வீட்டில் தங்கினோம். முஸ்லிமான அந்த மலாய் நண்பருக்குச் சமைக்க அண்ணி புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தார்.

நான்கு தெரு தள்ளி, பழைய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டி குடும்பம் ஒன்று இருந்தது. பெயர்தான் செட்டி, வீட்டில் பேசுவது மலாய். அந்த வீட்டம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் ‘பிபிக்’ என்றுதான் அழைத்தேன்; பெரியம்மா என்பது போல ஒரு மரியாதைச் சொல். கொல்லையில் முழங்கால் உயரக் கல் ஒன்று, தமிழ் எழுத்தோடு நின்றது. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய சுல்தான் காலத்தில் கப்பலில் வந்த மூதாதையின் கல்லறைக்கல் அது என்று அவர் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு விளக்கு வைத்துவந்தாராம்.

ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தோம். வாசிப்பதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவர் பெயர், ஒரு தமிழ் வருஷம், ‘ஊரார் தண்ணீர் குடிக்க வெட்டின கிணறு’ என்ற வரி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் வருஷப்பெயரை வைத்துக் காலம் சொல்ல முடியாது. ஆனால் எகரத்துக்கு ஒற்றைச் சுழிக் கொம்பும் ஏகாரத்துக்கு இரட்டைச் சுழிக் கொம்பும் வேறுவேறாக வெட்டியிருந்தன. அந்த வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வந்தது. சுல்தான் காலத்துக் கல்லில் அது இருக்க வழியில்லை.

நின்ற இடத்திலேயே மலாயில் சொல்லிவிட்டேன்.

“குபோர் இல்லையா?” என்று கேட்டார் பிபிக். கல்லறை இல்லையா என்கிறார்.

“இல்லை பிபிக். கிணற்றுக்கு வைத்த கல்.”

அவர் கல்லைப் பார்க்கவில்லை. என் நண்பரைப் பார்த்தார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். பிபிக் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டு நாள் கழித்து அண்ணி கேட்டார். “தம்பி, பிபிக் வீட்ல போய் என்னா சொன்னீங்க? பசார்ல என்னைப் பாத்தும் பேசாம போறாங்க.”

“கல்லுல இருக்கறதத்தான் சொன்னேன் அண்ணி.”

“அவங்க கேட்டாங்களா?”

கேட்கவில்லைதான். சொல்லாமல் இருக்க அது ஒரு காரணமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாசிப்பு சரியாக இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் நண்பர் தனியாகப் போனார். மூன்று நாள் தொடர்ந்து போனார். கல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். கொல்லையில் தண்ணீர் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டாராம். ஒரு குழந்தை தவறி விழுந்த பிறகு மாமனார் கிணற்றைத் தூர்த்துவிட்டார் என்று பிபிக் சொன்னார். இடத்தையும் காட்டினார். மழை பெய்தால் இன்றும் அங்கே நீர் தேங்கும்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. விளக்கு வைப்பதையும் எழுத வேண்டும் என்றார் நண்பர். தவறான நம்பிக்கைக்கு ஆய்வில் இடமில்லை என்றேன்.

“அவர் விளக்கு வைத்தது நடந்ததுதானே? அதில் என்ன தவறு?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. விரிவுரையாளர் கல்லின் வாசகம், விளக்கு வைப்பது இரண்டையும் எழுதச் சொன்னார். கல் அவ்வளவு பழையதல்ல என்பதில் அவருக்கு ஏமாற்றம். ஆனாலும் என் வாசிப்பில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

அறிக்கை சைக்ளோஸ்டைல் செய்து முடிந்ததும் ஒரு படியை நானே மலாக்காவுக்குப் போய் பிபிக்கிடம் கொடுத்தேன். பள்ளியில் ஆங்கிலம் படித்த அவர் மகள் கதவருகே நின்று வாசித்து மலாயில் சொன்னாள். பிபிக் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், கிணற்றைத் தூர்த்த மாமனார் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது என்றார். சிங்கப்பூர் திரும்பியதும் நண்பரும் நானும் அந்த ஒரு பக்கத்துக்கு ஸ்டென்சிலைப் புதிதாக வெட்டினோம்.