வீங்கிய கையும் மூடிய வாயும்

நாற்பத்தொரு வயதில் நான் மாசமான செய்தி திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்கப் பரவியபோது, சாமி கண் திறந்துவிட்டது என்றார்கள். சாமியோடு சேர்ந்து வேறொரு பெண்ணும் உதவியிருந்தாள் என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். என் கருமுட்டை தேறாது என்று நகரத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, முகம் தெரியாத ஒருத்தி தானமாகக் கொடுத்த முட்டையில் உருவான கருவைத்தான் என் வயிற்றில் வைத்தார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். இப்படித் தரிக்கும் கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு அதிகம். என் வயதுக்கு இன்னும் அதிகம். கை, முகம் வீங்கினாலோ தலைவலி விடாமல் இருந்தாலோ உடனே ஓடி வர வேண்டும். எங்கே பிரசவம் பார்த்தாலும் இதை மறைக்கக் கூடாது. நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, ஃபைலை பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. என் அம்மா உயிரோடு இல்லாததால் புகுந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். வளையல் போட்டவள் ஆட்டோவில் குலுங்கக் கூடாது என்று மாமியார் சட்டம் போட்டார். வாராவாரம் போக வேண்டிய செக்கப் நின்றுபோனது. ஏன் போயே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தே நாளில் கண்ணாடி வளையல்கள் சதைக்குள் பதிந்தன. பிரசவத்துக்கு முன் கழற்றக் கூடாதாம். மாமியார் பார்லி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

"நீர் கோத்துக்கினு கீது, அவ்ளோதான். எனுக்கும் மூணு தபா வந்துச்சு. பயந்து சாவாத."

இது வெறும் நீர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே குடித்தேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நாள் காலை துணி உலர்த்தும்போது கண்ணுக்கு முன் பூச்சி பறந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி பிடுங்கியது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். மாமியாரே ஆட்டோ பிடித்தார். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நெடுஞ்சாலையிலோ கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரை வரிசைகட்டி நின்றன. அரை மணி நேரத்தில் ஒரு பர்லாங்கு கூட நகரவில்லை. குழந்தை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. செத்துவிட்டதோ என்று பயந்தேன். டிரைவர் எப்படியோ சந்துக்குள் புகுந்து, ராயபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இறக்கிவிட்டார்.

ஊசி குத்த இடம் வேண்டி நர்ஸ் வளையல்களை உடைத்தாள். மாமியார் தடுக்கவில்லை. பிரஷரைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியதை அவரும் கவனித்துவிட்டார்.

"இப்பவே குழந்தையை எடுக்கணும், இல்லேன்னா உங்களுக்கு வலிப்பு வந்துடும்" என்றார் டாக்டர். "எத்தனை வாரம்? கணக்கு சரியாத் தெரியுமா? ஒரு வாரம் முன்னப்பின்ன இருந்தாலும் குழந்தை மூச்சு விடறதுல வித்தியாசம் இருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரிதான் ஏற்பாடு பண்ண முடியும்."

கணக்கா? கருவை வைத்த நாள் மட்டுமல்ல, நேரம்கூட எனக்குத் தெரியும். ஆனால் மாமியார் தலைமாட்டில் நிற்கிறார். சொன்னால் இந்தக் குழந்தை அவர் வீட்டில் என்ன கதிக்கு ஆளாகும்? சொல்லாவிட்டால் குழந்தையே இருக்காது. எல்லாவற்றையும் கொட்டினேன். வேறொருத்தியின் முட்டை, வைத்த தேதி, நிறுத்திய செக்கப், எல்லாம்.

மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் மயக்கத்தில் ஆழ்ந்தேன்.

கண் விழித்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ, மூச்சுத் திணறியதால் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து அவள் பிழைத்ததெல்லாம் பிறகு நடந்தது. அப்போது எனக்கு அது தெரியாது. தனியாகவா அனுப்பினீர்கள் என்று அலறினேன்.

"கத்தாத. அம்மா கூடப் போயிருக்குது. பூத்லேர்ந்து எனக்கு போன் பண்ணிட்டு நேரா இங்கதான் வந்துச்சாம். சொந்தக்காரங்க மட்டும்தான் ஆம்புலன்ஸ் வண்டில ஏறலாம்னு நர்ஸ் சொல்லிக்கீறா. 'நான்தாம்மே அதோட ஆயா, அது எம் பேத்தி, வண்டிய எடு'ன்னு ஏறிக் குந்திக்கிச்சாம்."