எட்டாவது கணவர்

"மேற்படி கிமோத்தோவின் சட்டப்படியான மனைவியும், இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்த நிலத்தில் அவருடன் குடியிருப்பவளும், நாலும் விசாரித்து அறிந்தவளுமாகிய நான், இவ்விற்பனைக்கு முழுமனதோடு சம்மதிக்கிறேன்."

உறுதிமொழிப் பத்திரத்தில் இப்படி இருந்தது. கீழே கைநாட்டு வைத்த கதோனிக்குக் கல்யாணமே ஆகவில்லை. கென்யாவில் கியாம்பு பக்கம், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், நில அலுவலக வாசலில் சப்பாத்தியும் தேநீரும் விற்றாள். கிமோத்தோ அவளுக்கு எட்டாவது கணவர்.

குடும்ப நிலத்தை மனைவிக்குத் தெரியாமல் ஆண்கள் விற்றுவிடுகிறார்கள் என்று, மனைவியும் நில வாரியத்தின் முன் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல ஏற்பாடுதான். அதன் பிறகு ஊரில் வாடகை மனைவிகளுக்கு வேலை கிடைத்தது. முந்தைய ஏழு பேரில் இருவரின் மனைவிகள் செத்தும் பதிவேட்டில் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களின் மனைவிகள் எங்கோ தொலைவில். யாருடைய முகமும் கதோனிக்குத் தெரியாது. தூக்கத்துக்கு அது போதுமாக இருந்தது.

கிமோத்தோவின் ஆறு ஏக்கர் காபித் தோட்டத்தில் அடுக்குமாடி கட்ட நைரோபியில் ஏழு பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். அந்த ஆறு ஏக்கரைத் தவிர அதற்கு உலகில் வேறு ஜோலி கிடையாது. நஷ்டத்தில் விழுந்தால் கம்பெனி தனியாக விழும், ஏழு பேர் வீட்டுக் கூரையும் அசையாது. நிலத்தை அடமானம் வைத்துத்தான் வங்கிக் கடன். அந்தக் கடனிலிருந்துதான் கிமோத்தோவுக்கே பணம். அதாவது அவன் நிலத்தை வைத்தே அவன் நிலத்தை வாங்கினார்கள். நான் அந்தக் கம்பெனியில் குமாஸ்தா; எங்கள் வக்கீல் கிபாத்தி இதை அழகு என்பார். வாரியத்தின் சம்மதக் கடிதம் வராமல் வங்கி ஒரு ஷில்லிங் அவிழ்க்காது. உண்மையான மனைவி முகாமியோ, "என்னைப் புதைச்சிட்டு வித்துக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

வாரியம் கூடிய அன்று காலையில்தான் தரகன் முரியுகி புது அடையாள அட்டையைக் கதோனியிடம் நீட்டினான். அவள் படமும் முகாமியின் பெயரும்.

"ஐயோ, முகாமின்னா நம்ம ஞோகியோட அம்மாடா! சந்தை நாள் தவறாம எங்கிட்ட டீ குடிக்கிறவ. இது வேணாம்டா."

"ஏழு புருஷன் கட்டினவளுக்கு எட்டாவதுக்கு வெக்கமா? எட்டாயிரம் தர்றேன், அக்கா."

"அவ வீடு அங்கதான்டா இருக்கு."

"உன் கடை இங்க இருக்கு. நாளைக்கும் இருக்கணுமா, வேணாமா?"

கடை அலுவலகப் புறம்போக்கில் இருந்தது. கதோனி அடுப்பைத் தணித்துவிட்டு, தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு போனாள்.

வாரியத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, ஓரமாய் உட்கார்ந்திருந்த கிழ உறுப்பினர் ஒருவர் பிள்ளைகளின் பட்டியலைக் கையில் எடுக்கும்வரை.

"மூத்தவன் கிச்சூரு. மாமனார் பேரு, சரி. அடுத்தவன் கரன்ஜா. புருஷனோட அண்ணன் பேரு. ஏம்மா, ரெண்டாவது பையனுக்கு உன் அப்பன் பேருதானே வெச்சிருக்கணும்? உன் அப்பன் கிதோங்கான்னு அட்டையில போட்டிருக்கு. கிதோங்கா எங்க?"

அந்தக் கோப்பை மூன்று வக்கீல்கள் பார்த்திருந்தார்கள். நானும் பார்த்திருந்தேன். எங்கள் வீடுகளிலும் அதே வரிசையில்தான் பெயர் வைக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிமோத்தோ வாய் திறந்தான். "உன்னைக் கேக்கல. பெத்தவ சொல்லட்டும்" என்றார் கிழவர்.

தெரியாது என்று கதோனி சொல்லியிருந்தால் முகாமியின் வீடு அன்று நின்றிருக்கும். தெரியாமல் விழிப்பதற்குக்கூட அவள் மெனக்கெட வேண்டியதில்லை; சும்மா இருந்தாலே போதும்.

"கிதோங்கா அவகாடோ மரத்தடியில இருக்கான் ஐயா. பதினோரு மாசம் இருந்தான். நாலு பல்லு முளைச்சிருந்துது."

கிமோத்தோ அழுதுவிட்டான். அவன் நிஜமாகவே அழுதான். அதுவும் சாட்சியாகிவிட்டது. கிழவர் பட்டியலை மடித்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். வாரியம் சம்மதித்தது.

மூன்றாவது வாரம் வங்கிப் பணம் வந்தது. நாலாவது வாரம் மண்வாரி இயந்திரம். அவகாடோ மரம் முதல் நாளே போயிற்று. முகாமி வழக்குப் போட்டாள். கம்பெனி வக்கீல் வாரியக் குறிப்பை வாசித்துவிட்டு, பெற்றவளைத் தவிர யாருக்கு இது தெரிந்திருக்கும் என்று கேட்டார். கட்டுமானத்துக்குத் தடை கிடைக்கவில்லை. வழக்கு நடக்கிறது, கட்டடம் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது.

குறிப்பு வாசிக்கப்பட்ட அன்று மாலை முகாமி கடைக்கு வந்தாள். கதோனி கேட்காமலே தேநீர் ஊற்றி வைத்தாள்.

"குடி, ஞோகி அம்மா."

"உனக்கு ஒருத்திக்குத்தான் சொன்னேன்."

"கடையை எடுத்துடுவேன்னான், அக்கா."

"கிதோங்கா எங்கன்னுதானே அவங்க கேட்டாங்க. பல்லை ஏன்டி சொன்ன?"

தேநீரில் ஆடை படியும்வரை முகாமி நின்றாள், பிறகு போய்விட்டாள். இப்போது தங்கை வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள்.

அரசுப் பதிவின்படி, கதோனி நிலத்தை விற்கச் சம்மதித்த ஒரு மனைவி. அவள் செய்தது, சிநேகிதி அழுதுகொண்டே சொன்ன செத்த குழந்தையின் கதையை எட்டாயிரம் ஷில்லிங்குக்காக ஒரு மேசையின் முன் சொன்னது.