காப்புக் கட்டிய ஊருக்கு வந்த டீம்

ஏழெட்டு வருடம் இருக்கும். மாசி மாதக் கடைசி. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். அப்படிச் சொன்னால் பெரிய பதவி போலத் தெரியும். பிள்ளைகளுக்கு நான் பி.டி. மேடம், அவ்வளவுதான். ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவதிலிருந்து, காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பெண்ணுக்குச் சோடா வாங்கிக் கொடுப்பது வரை எல்லாம் என் தலையில்தான் விடியும். அதற்கு நடுவில் கிடைத்த நேரத்தில் ஒரு கூடைப்பந்து டீம் வளர்த்தேன்.

வளர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அட்மிஷன் நேரத்தில் வரிசையில் யாராவது கொஞ்சம் உயரமாக நின்றால் போதும், பூனை மாதிரிப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். "ஏம்மா, பந்து வெளாடுவியா?" என்று கேட்பேன். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அப்பா, "அதெல்லாம் வேண்டாம் டீச்சர், கை காலு ஒடிஞ்சா யாரு பாக்குறது?" என்பார். அவரிடம் பேசிப் பேசியே என் தொண்டை கட்டும். அப்படிப் பிடித்துச் சேர்த்தவர்கள் ஏழு பேர். மைதானம் என்று எங்களுக்கு இருந்தது ஒரு சிமெண்டுத் தரை. ஓரத்து வேப்ப மரத்தின் வேர் அடியில் ஓடி, கிழக்குக் கம்பத்துக்குக் கீழே தரை மேடு தட்டிப் போயிருந்தது. அங்கே பந்தைத் தட்டினால் அது ஒரு பக்கமாகத் துள்ளி ஓடும். அதோடு சண்டை போட்டே என் பிள்ளைகள் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருடம் எல்லோரும் ஆச்சரியப்படும்படி மண்டலப் போட்டியின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம்.

அந்த ஆட்டம் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு, அவர்கள் மைதானத்தில், காலை ஏழு மணிக்கு. முதல் நாளே போய்த் தங்கினால்தான் முடியும். அந்த நேரம் பார்த்து என் டீமில் மூன்று பெண்களின் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். குன்றக்குடி தாண்டி உள்ளே போகிற சின்ன ஊர். எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர்கள் பகலில் எங்கே போனாலும், ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்து படுத்துவிட வேண்டும். வேலைக்கு மதுரை போகிறவர்கள்கூட அடித்துப் பிடித்துக் கடைசி பஸ்ஸில் வந்துவிடுவார்கள்.

மூன்று பேர் இல்லாவிட்டால் மிச்சம் நாலு பேர். ஐந்து பேர் நிற்காமல் நடுவர் ஆட்டத்தையே தொடங்க மாட்டார். போகாவிட்டால் அவர்களுக்கு வாக்ஓவர், ஆடாமலே ஜெயிப்பு. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் கல்லூரிச் செயலாளருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த டீம் பிடிக்கவில்லை. "கடைசி ஆட்டத்துக்குப் போகாத டீம் நமக்கு எதுக்கு? வர்ற வருசத்தோட நிறுத்திக்கிருவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒவ்வொரு அப்பாவிடமும் தொண்டை கட்டப் பேசிச் சேர்த்த டீம்.

போட்டி நடத்துகிறவர்களிடம் சாயங்காலம் வைக்க முடியுமா என்று கேட்டேன். சாயங்காலம் அந்த மைதானத்தில் ஆண்கள் போட்டி என்றார்கள். தேதியையும் மாற்ற முடியாதாம். சரி, ஊர்க்காரர்கள் காலில் விழுந்தாவது அனுமதி வாங்கலாம் என்று நேரே அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஊர்த் தலைவரான அம்பலக்காரர் என்னை மரியாதையாக உட்கார வைத்தார். "நாங்க தடுக்கல டீச்சர். கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. ஆனா நாளைக்கு ஊருல ஒரு ஆட்டுக்குட்டிக்குச் சீக்கு வந்தாலும் பழி அந்தப் பிள்ளைக மேலதான் வரும். அதையும் யோசிச்சுக்கங்க" என்றார். அவரோடு மல்லுக்கட்டத் தயாராகப் போனவள் நான். அப்படிச் சொன்னதும் எழுந்துகொண்டேன். என் டீமின் கேப்டனும் அந்த ஊர்தான். அவள் வீட்டுக்குப் போனேன். "வேண்டாம் மேடம். அங்க வந்து படுத்தாலும் தூக்கம் வராது. தூங்காம எப்புடி ஆடுறது?" என்றாள். அழுதிருந்தால்கூடத் திட்டி அழைத்துப் போயிருப்பேன். அவள் நிதானமாகச் சொன்னாள்.

கேப்டனின் அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். சித்தாள் வேலைக்குப் போகிறவர். திருவிழா விரதத்துக்காக மஞ்சள் சேலை கட்டியிருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர், "நீங்களே ஏன் டீச்சர் அங்குட்டு ஓடுறீக? அவுகள இங்குட்டு வரச் சொல்லுங்க. திருவிழா பாத்த மாதிரியும் இருக்கும்ல" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இதென்ன சம்பந்தி வீடா, கூப்பிட்டதும் கிளம்பி வருவதற்கு? சொந்த மைதானத்தில், ஆடாமலே ஜெயிக்கப் போகிறவர்கள் எதற்காக வர வேண்டும்? மோரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

ஆனால் பஸ்ஸில் வரும்போது, கேட்டால் என்ன போய்விடும் என்று தோன்றியது. மிஞ்சிப் போனால் சிரிப்பார்கள். கல்லூரிக்கு வந்ததும் திருநெல்வேலிக் கல்லூரியின் கோச்சுக்குப் போன் போட்டேன். அதுவரை அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. காப்பு விஷயத்தை இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தேன்.

"ஆடாம ஜெயிச்சா அது என்ன ஜெயிப்பு மேடம்? பிள்ளைக என்னத்தப் பேசிச் சிரிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவும்?" என்றார் அந்த அம்மா. "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எடத்த மாத்தலாம்னு விதி இருக்கு. நான் எழுதிக் கொடுத்துருதேன். நாங்க வாரோம்."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்கினார்கள். பஸ் பயணத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு முகம் வாடியிருந்தது. அந்தக் கோச் என்னைவிடக் குள்ளம். கைப்பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மாத்திரைப் பெட்டியும் வைத்துக்கொண்டு, கோச் என்று சொன்னால் நம்ப முடியாத தோற்றம். எங்கள் ஹாஸ்டலில் தங்க வைத்தோம்.

மறுநாள் விடிந்ததும் மைதானத்தைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். கேப்டனின் ஊர்ப் பெண்கள் ஒரு மினி லாரி பிடித்து வந்து இறங்கியிருந்தார்கள். மைதானத்தைச் சுற்றி ஒரே மஞ்சள் சேலை. அதுவரை எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வாட்ச்மேனும் வேப்ப மரத்துக் காக்கையும் தவிர யாரும் நின்றதில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் என் கேப்டன் ஒரு காரியம் செய்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர் டீம் பிள்ளைகளைக் கிழக்குக் கம்பத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "இந்த மேட்டுல மட்டும் பந்தத் தட்டாதீக, பக்கவாட்டுல போயிரும். கால் வைக்கிறப்பவும் பாத்து வையிங்க" என்று காலால் தடவிக் காட்டினாள். எங்களுக்கு இருந்த ஒரே அனுகூலம் அந்த மேடுதான். அதையும் தூக்கிக் கொடுக்கிறாளே என்று ஒரு நொடி பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி, இந்தப் பெண்ணுக்கு நான் கோச் என்று நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

ஆட்டம் கடைசி வரை இழுபறி. கூட்டத்துக்கோ விதி ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கத்து வளையத்தில் பந்து விழுந்தாலும் குலவை போட்டார்கள். நான் தாங்க முடியாமல் கேப்டனின் அம்மாவிடம் போய், "அது அவங்க போட்ட பந்து, நீங்க குலவை போடக் கூடாது" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உள்ள விழுந்துச்சுல்ல டீச்சர்? பாவம், எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து போடுறாக" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் பெண் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். என் பிள்ளைகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயித்தவர்கள் குதிக்கவில்லை. வந்து கை கொடுத்து இவர்களை ஒவ்வொருவராக எழுப்பிவிட்டார்கள். அதற்குள் மஞ்சள் சேலைக் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, இரண்டு டீமுக்கும் சேர்த்துக் குங்குமம் வைத்து, பானகம் ஊற்றிக் கொடுத்து, யார் யார் எந்த டீம் என்றே தெரியாமல் செய்துவிட்டது.

செயலாளர் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "நல்ல பந்தா ரெண்டு வாங்கிக்கங்கம்மா. இது தேஞ்சு போச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. டீம் நிலைத்தது. அடுத்த வருடம் அட்மிஷன் வரிசையில் நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரிலிருந்தே இன்னும் இரண்டு பேரை அவர்கள் அப்பாக்களே அழைத்து வந்தார்கள்.

ஆட்டம் நடந்த அன்று மத்தியானம் திருநெல்வேலிப் பிள்ளைகள் திருவிழா பார்த்துவிட்டு வந்து பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தக் கோச்சிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்து, "சாப்பிடுங்க மேடம், காலையில இருந்து ஒண்ணும் திங்கல நீங்க" என்றார். அத்தனை பரபரப்பிலும் அதைக் கவனித்திருக்கிறார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பிறகு வந்த வருடங்களில் கோப்பைகளும் வாங்கினோம், கல்லூரி அலமாரியில் இருக்கின்றன. ஆனால் கூடைப்பந்து என்று யார் பேச்செடுத்தாலும் என் நினைவுக்கு வருவது தோற்றுப்போன அந்த ஒரு காலைதான். பிள்ளைகளுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுத்தது நான். எதிரே ஒருத்தர் வந்து நின்றால்தான் நமக்கு ஆட்டமே உண்டு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, ஆடாமலே கிடைக்கிற ஜெயிப்பை விட்டுவிட்டு ஆடுவதற்காகப் பஸ் ஏறி வந்த அந்த அம்மா.