எமிலிக்கும் இராகு காலம்

"விசரி! செவ்வாய்க்கிழமை மூண்டரைக்கு ஆராவது வெளிக்கிடுவினமோ? இராகு காலமெல்லே!"

சிவனேஸ்வரி புத்தகத்தோடுதான் சண்டை பிடிக்கிறாள். ஒரு கையில் அகப்பை, மறுகையில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஆங்கில நாவல். அடுப்பில் வெங்காயம் கருகுகிறது. குசினி வாசலில் நிற்கும் புருசன் நித்தியானந்தனுக்கு இது புதிதல்ல. சிட்னியின் பென்டில் ஹில் வீட்டில் இரண்டு கிழமையாக அவரும் இந்த நாவலின் நாயகி எமிலியோடுதான் குடித்தனம் நடத்துகிறார்.

கதை நடப்பது நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய அமெரிக்காவில். கணவனை இழந்த எமிலி, காய்ச்சல்காரப் பிள்ளையைக் கூடார வண்டியில் போட்டுக்கொண்டு, வைத்தியரைத் தேடி மலையும் ஆறும் தாண்டுகிறாள். வழித்துணைக்கு ஒரு மாட்டுக்காரன். "பிள்ளைக்கு நெருப்பாய்க் கொதிக்குது, இவவுக்கு நிலவில முத்தம் கேக்குது!" என்று பல்லைக் கடிப்பாள் சிவனேஸ்வரி. ஆனால் முத்தம் வரும் பக்கத்தை மட்டும் கறியை இறக்கி வைத்துவிட்டு ஆறுதலாக வாசிப்பாள்.

எமிலி நேரம் பார்க்காமல் புறப்பட்டதைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை. சிட்னியில் இவள் நேரம் பார்க்கிற அழகோ சொல்லி மாளாது. சுவரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஞ்சாங்கக் கலண்டர். இராகு காலம் ஊர் நேரத்துக்கா, சிட்னி நேரத்துக்கா என்று கேட்டால், "எதுக்கும் ரெண்டையும் தள்ளுவம்" என்பாள்.

"அப்ப மனிசர் எப்பதானப்பா வெளிக்கிடுறது?" என்று நித்தியானந்தன் தலையில் அடித்துக்கொள்வார். அடித்து என்ன பயன்? வீட்டில் லைசன்ஸ் உள்ளவள் அவள் ஒருத்திதான். அவர் கார்ச் சோதனையில் இருமுறை கோட்டை விட்டவர். வாசலில் கார் நிற்க, எந்தக் கலியாண வீட்டுக்கும் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேருவார்கள். அங்கே அசடு வழிவதும் அவர்தான்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை ரயில் வேலைநிறுத்தம். நித்தியானந்தன் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றார். மத்தியானம் தொடங்கி மகள் சந்திரகலாவுக்கு முட்டு. ஆறு வயதுப் பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விட்டது, உதடு வெளிறத் தொடங்கியது. வைத்தியர் சில ஸ்டேஷன் தள்ளிப் பரமட்டாவில். பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து இறக்க மனமில்லாமல், நித்தியானந்தன் டாக்சிக்குப் போனில் கோல் எடுத்தே களைத்துப்போனார். ஒன்றும் வருவதாயில்லை. மணி மூன்றே கால்.

சிவனேஸ்வரி கலண்டரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இத்தனை வருசம் அதைப் பழித்த மனுசன், பயத்தில் சொன்னார்:

"இராகு காலம் முடிய, நாலரை மட்டும் பொறுப்பமேயப்பா?"

"உங்களுக்கு விசரே? பிள்ளையைத் தூக்குங்கோ!"

அவள் கலண்டரின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, அதன் அடியில் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தாள்.