பேர்னாட் மாஸ்டர் கேட்டு எடுத்த மோட்டர்

கொட்டாஞ்சேனையில் பேர்னாட் மாஸ்டரின் காதுக்கு இருந்த மரியாதை சில மனிதர்களுக்குக்கூட இல்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒரு கப்பல் கம்பனியின் லோஞ்சு என்கிற துறைமுகப் படகில் எஞ்சின் ஓட்டுகிறவர். ஓடுகிற எஞ்சினில் ஸ்குறூ டிறைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடுவார். "மூண்டாவது வால்வு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான். வெள்ளைக்கார மனேஜர்கூட அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை. அந்தக் காதுதான் அவருக்குச் சோறு, அதுதான் பெருமை. பெருமை சோற்றைவிடக் கொஞ்சம் கூட என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே, மனைவி மாக்ரெட்டின் தம்பி, பற்றிக் என்பவன், தன் வள்ளத்துக்கு ஒரு மோட்டர் வாங்க நினைத்தபோது வேறு யாரிடம் போவான்? பற்றிக் மட்டக்குளியில் இருந்து களனி ஆற்றில் மீன் பிடிக்கிறவன். மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் தோள்மூட்டு இரண்டும் போய்விட்டன. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்களோடு, வள்ளத்தின் பின்பக்கத்தில் கொழுவும் மோட்டர்களும் விலைக்கு வந்திருந்தன.

"பெரிய மெசின் வேண்டாம் அத்தான்," என்றான் பற்றிக். "சின்ன வள்ளம், தாங்காது. சத்தம் குறைஞ்சதாப் பாருங்கோ. மடவை மீன் பொல்லாத மீன். சத்தம் கேட்டா அந்தப் பக்கமே வராது."

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்," என்றார் மாஸ்டர். அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு வந்தார்.

பழைய சாமான் வியாபாரி ஹாஷிமின் கொட்டிலுக்குள் நுழைந்ததும் மாஸ்டரின் முகம் கறுத்தது. மோட்டருக்குக் கயிறு இழுத்து ஸ்டாட் பண்ணிக்கொண்டு நின்றவன் ஷரீப். ஆறு மாதத்துக்கு முன்புவரை மாஸ்டரின் அதே லோஞ்சில் சுக்கான் பிடித்தவன். மேலே சுக்கானில் நிற்பவன் மணி அடிப்பான். கீழே எஞ்சினில் இருப்பவர் அதைக் கேட்டு ஓட்டுவார், நிறுத்துவார். அதுதான் லோஞ்சு வேலை. ஒருநாள் லோஞ்சு நிற்காமல் போய்ச் சரக்குப் படகு ஒன்றை இடித்து உடைத்தது. விசாரணையில், "மணி அடிக்கேல்ல" என்று கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார் மாஸ்டர். அந்தக் காது சொன்ன பிறகு அப்பீல் ஏது? பதினொரு வருஷ வேலை அன்றோடு ஷரீப்புக்குப் போயிற்று. மணிக்குப் பதிலாகக் கம்பனி பேசும் குழாய் ஒன்றை லோஞ்சில் பூட்டியது.

ஹாஷிம் இரண்டு மோட்டர்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓடவிட்டார். முதலாவது குடுகுடுவென்றது. மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது ஓடியதும் அவர் கண்கள் விரிந்தன.

"இதுதான். பூனை நடக்கிற மாதிரி இருக்கு."

பற்றிக் விழித்தான். ஷரீப் மெல்ல, "இது கொஞ்சம் கத்துது மாஸ்டர்," என்றான்.

"மணி அடிக்கத் தெரியாத ஆளுக்கு மெசின்ட சத்தம் தெரியுமோ?"

ஷரீப் தலையைக் குனிந்துகொண்டான். ஹாஷிமோ, "மாஸ்டர் செல்லிட்டா முடிஞ்சிதானே!" என்றார். யாரும் தொடாத மோட்டர் போய்த் தொலைகிறதே என்ற சந்தோஷம் அவருக்கு. இவர்களை என்னவென்று சொல்வது! பற்றிக்காவது வாயைத் திறந்தானா? அக்காவின் புருஷன் தேர்ந்ததைப் பிழை என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு மோட்டரைத் தூக்கினான்.

பூட்டிக் கொடுக்க ஷரீப்பும் கூடவே வந்தான். மத்தியானத்துக்குள் மூவரும் ஆற்றில் இறங்கினார்கள். மோட்டர் பிய்த்துக்கொண்டு போயிற்று. கரையில் உடுப்புத் தோய்த்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். கொக்குகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. மாஸ்டர் சிரித்தபடி கையை ஆட்டினார். வேகத்தைப் பார்த்து மிரளுகிறார்கள் என்று நினைத்தார்.

பற்றிக்கால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நடு ஆற்றில் மோட்டரை நிறுத்தினான்.

"அத்தான், இந்த வீரிட்ட சத்தம் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"என்ன வீரிட்ட சத்தம்?"

அப்போது பற்றிக்கும் ஷரீப்பும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். எதற்கு என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை. அவர்கள் பார்த்த இடத்தைப் பார்த்தார். வள்ளத்தின் விளிம்பில் பற்றிக் கட்டிவிட்டிருந்த தூண்டில் கயிற்றைச் சத்தத்துக்கு அஞ்சாத ஏதோ மீன் இழுத்தது. மீன் கொத்தினால் தெரிவதற்காகக் கயிற்றில் கோத்திருந்த சின்னப் பித்தளை மணி துள்ளித் துள்ளி ஆடியது. அதன் நாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதியது. மாஸ்டர் கண்ணால் பார்த்தார். காதில் ஒன்றும் விழவில்லை.

குனிந்து மணியைக் கையில் எடுத்தார். காதருகே வைத்து உலுக்கினார். இன்னும் பலமாக உலுக்கினார். தலையில் இடி விழுந்தால்கூட மனிதன் இப்படித் திகைத்துப்போக மாட்டான். தாழ்ந்த சத்தம் மட்டும் அவருக்கு மிச்சமிருந்தது. கூரான சத்தம் எல்லாம், எந்த வருஷத்திலோ, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

மெதுவாக நிமிர்ந்து ஷரீப்பைப் பார்த்தார்.

"அண்டைக்கு எத்தனை தரம் அடிச்சனீர்?"

ஷரீப் மணியைப் பார்த்தபடியே சொன்னான்.

"மூணு தரம் அடிச்சேன் எண்டுதான் அண்டைக்கு நெனச்சேன் மாஸ்டர். ஒங்கட காது பொய் செல்லாதுதானே. நீங்க சத்தியம் பண்ணின பொறகு எனக்கே சந்தேகம் வந்திட்டு. நான் அடிக்கல்லண்டுதான் ஊட்டுலயும் சென்னேன்."

பாதிதான் மாஸ்டருக்குக் கேட்டது. மீதியை அவன் முகத்தில் பார்த்தார். செய்யாத பிழையைச் செய்ததாக ஒரு மனிதனை ஆறு மாதம் நம்ப வைத்திருக்கிறோமே என்று உறைத்தது. உண்மையைச் சொன்னால் நாளை முதல் தனக்கு லோஞ்சு இல்லை என்பதும் அதே கணம் விளங்கியது.

"பற்றிக், துடுப்பை எடு. கரைக்கு விடு."

"மோட்டர் அத்தான்?"

"அதைத் திருப்பிக் குடு. ஷரீப் கேட்டு நல்லது ஒண்டு எடுத்துத் தருவார்." மணியைக் கயிற்றிலேயே விட்டுவிட்டுச் சட்டைப் பொத்தான்களைப் பூட்டினார். "நான் கம்பனி ஒப்பீசுக்குப் போகவேணும். நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்."