தைரியம் கொடுத்தவராம்

இன்று கருங்குழியில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் எங்கள் பழைய தெருக்காரர் ஒருவர், பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் பெருமை பேசிக்கொண்டு வந்தார்.

"எழுவத்தஞ்சுலயே எங்க ஊரு டீச்சரம்மா சைக்கிள்ல போச்சி. நாங்கதான் தைரியம் குடுத்தோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டீச்சர் என் மனைவி சரோஜா.

பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் நடந்தே போய் வருவாள். சைக்கிள் ஓட்டச் சொல்லி மாதக்கணக்கில் கெஞ்சினேன். "ஆம்பளைங்க சிரிப்பாங்க, வேணாம்" என்பாள். ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, ஏரிக்கரையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிக் கற்றுக்கொடுத்தேன்.

பள்ளிக்கு ஓட்டிப்போன முதல் நாளே, டீக்கடை முன்னால் இதே ஆள் குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"இன்னா டீச்சரம்மா, நாளைக்கு வேட்டி கட்டிக்கினு வருவியா?"

சரோஜா விழுந்தாள். செயினில் சிக்கிப் புடவை கிழிந்தது. கடையே சிரித்தது.

விஷயம் தெரிந்ததும் நான் அவரை அடிக்கக் கிளம்பினேன். அவள் விடவில்லை.

"நீங்க சண்ட போட்டா பஞ்சாயத்தாயிடும், அப்புறம் நான் நடந்துதான் போவணும். வுடுங்க."

மறுநாள் அதே கடை வழியாகத் தனியாக ஓட்டிப்போனாள். ரிடையர் ஆகும்வரை ஓட்டினாள்.

இன்று என்னால் விட முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படியே சொன்னேன்: "அந்த டீச்சரக் கீழ தள்ளுனதே நீதான்யா."

"வயசாச்சி, ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்தவர் படாளத்திலேயே இறங்கிவிட்டார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பாரே. அவரை எந்த ஸ்டாப்பில் இறக்கினீர்கள்?